மைதானத்துக்கு முதுகு காட்டி நின்றவர்

அப்பா இருபது வருடத்துக்கு மேல் கால்பந்து மைதானத்தில் வேலை பார்த்தார். ஒரு கோலைக்கூட நேரில் பார்த்ததில்லை.

அந்த வேலை அப்படிப்பட்டது. வாரநாட்களில் அவர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இயந்திரம் ஓட்டினார். ஆட்டம் இருக்கிற நாட்களில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, கிழக்கு கேலரியின் அடியில், புல்லுக்கும் முதல் வரிசைக்கும் நடுவே உள்ள சிமெண்ட் பாதையில் நிற்பார். ஸ்டூவர்டு என்று பெயர். ஸ்டூவர்டு கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். பந்து அவர் முதுகுக்குப் பின்னால் ஓடும். யாருக்கு மயக்கம் வருகிறது, யார் யார் மேல் பாயப்போகிறார்கள் என்பதை முகங்களை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். கோல் விழுந்தது அவருக்கு மற்றவர்களின் வாய்களில்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் டிவி முன்னால் உட்காருவார். தான் இருந்த ஆட்டத்தை அங்கேதான் முதன்முதலாகப் பார்ப்பார்.

"ஓ, இடது காலாலயா அடிச்சான்? அதான் நாலாவது வரிசைப் பெரியவர் தலையில கை வச்சாரு."

அம்மா அடுப்பங்கரையிலிருந்து சொல்வாள். "டிக்கெட் வாங்கினவன் ஆட்டத்தைப் பாக்குறான். இவரு டிக்கெட் வாங்கினவனைப் பாக்குறாரு. இதுக்குச் சம்பளம் வேற."

கேலரியில் ஒவ்வொரு படிக்கட்டுக்கும் இரண்டு ஸ்டூவர்டுகள். அப்பாவின் ஜோடி என் மாமா, அம்மாவின் தம்பி. மாமா வேலை இல்லாமல் இருந்தபோது அப்பாதான் கூட்டிப்போய் மஞ்சள் சட்டை வாங்கிக் கொடுத்தார். வேலையோடு சேர்த்து ஒரு வழக்கத்தையும் சொல்லிக்கொடுத்தார். பயிற்சியில் யாரும் சொல்லித்தராத வழக்கம் அது.

கேலரியில் சிகரெட் கூடாது. பற்றவைத்தவனை வெளியேற்ற வேண்டும். ஆனால் வாரம் முழுக்க மூட்டை இறக்கிவிட்டு வந்தவன், கடைசிப் பத்து நிமிடப் பதற்றத்தில் ஒன்றைப் பற்றவைத்தால், அவனைத் தெருவில் தள்ள அப்பாவுக்கு மனசு வராது. மெதுவாக மைதானத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். திரும்பி நின்றவர் எதையும் பார்க்கவில்லை. யாராவது கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம்.

"ஒரு சிகரெட் நேரம் திரும்பி நில்லு மச்சான். ஒருத்தன் திரும்பினா இன்னொருத்தன் கூட்டத்தைப் பாக்கணும். அது முக்கியம்."

சிகரெட், ஒளித்து எடுத்துவந்த பாட்டில், நடுவரின் தாயாரைப் பற்றிய பாட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு திரும்பல் உண்டு. மாற்றி மாற்றித் திரும்புவார்கள். அப்படித் திரும்பிய நேரங்களில்கூட அப்பாவுக்கு ஒரு கோல் விழுந்ததில்லை. "என் ராசி அப்படி" என்பார்.

கிழக்கு கேலரிக்கு அப்பாவைப் பிடிக்கும். அங்கே டிரம் அடிப்பவர் ஒருவர் இருந்தார். முதல் வரிசையில் சீசன் டிக்கெட். பெரிய டிரம்மைக் கம்பித் தடுப்பில் கட்டி வைத்து அடிப்பார். கேலரியின் பாட்டெல்லாம் அவர் கையில்தான் தொடங்கும். மழை பெய்தால் தன் ஃபிளாஸ்கிலிருந்து சூடாக ஏதாவது ஊற்றி அப்பாவிடம் நீட்டுவார். "குடிங்கண்ணே. நீங்க படுத்துட்டா எங்களை யாரு மேய்க்கிறது?" நான் பொறியியல் முடித்த செய்தியை அப்பா அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் ஆட்டம் தொடங்கும் முன் டிரம்காரர் எழுந்து நின்று எதையோ கத்தினார். ஒரு தாளம் போட்டார். கேலரி முழுக்க அப்பாவைப் பார்த்துக் கை தட்டியது. வீட்டுக்கு வந்து அதை எங்களிடம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. மாமாதான் சொன்னார்.

அப்பாவும் அம்மாவும் சிறு வயதில் தங்கள் குடும்பங்களோடு இந்த ஊருக்கு வந்தவர்கள். ஊரின் நிறத்தைவிட எங்கள் நிறம் இரண்டு படி ஆழம். கிழக்கு கேலரியில் அது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. உறைக்கவில்லை என்றுதான் அப்பா நினைத்தார்.

பிறகு அணிக்குப் புதிதாக ஒரு பையன் வந்தான். இடது ஓரத்தில் ஓடுபவன். வேறு கண்டத்திலிருந்து வந்தவன், எங்களைவிடக் கறுப்பு. முதல் மாதம் அவன் கோல் அடித்தான். டிரம்காரர் அவனுக்கென்று ஒரு தாளம் கட்டினார். அடுத்த மாதம் கால் தசை பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த மாதம் ஒரு பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தான்.

அன்று அவன் கிழக்கு கேலரிக்கு முன்னால் பந்தை எறிய வந்தபோது முதல் வரிசையிலிருந்து குரங்குச் சத்தம் வந்தது. சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு எதிரே ஆறடி தூரத்தில்தான். சத்தம் போட்டது டிரம்காரர்.

அன்று அப்பா கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் தடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"தம்பி, அது வேண்டாம்."

"எதண்ணே?"

"அந்தப் பையனைப் பாத்துப் போட்டீங்களே, அது."

"அட, சும்மா ஜாலிக்கண்ணே. அவனுக்கு மாசம் எவ்வளவு வருதுன்னு தெரியுமா? ரெண்டு சத்தத்தைத் தாங்கிக்கட்டும்."

"சிகரெட்டுன்னா திரும்பிக்குவேன். இதுக்குத் திரும்ப மாட்டேன். சொல்லிட்டேன்."

டிரம்காரர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த ஆட்டத்திலும் சத்தம் வந்தது. இந்த முறை பின்வரிசைகளும் சேர்ந்துகொண்டன. அப்பா பயிற்சியில் சொன்னபடி செய்தார். கூட்டத்துக்குள் ஏறவில்லை. வாதாடவில்லை. வாக்கி-டாக்கியில் வரிசையையும் இருக்கையையும் சொன்னார். கேமரா திரும்பியது. காவல் குழு படிகளில் இறங்கி வந்து டிரம்காரரை எழுப்பிக் கூட்டிப்போனது.

போகிற வழியில் அவர் அப்பாவுக்கு முன்னால் நின்றார்.

"நீயாடா சொன்னே?"

"நான்தான்."

"இத்தனை வருஷமா எங்க ஆளுன்னு நெனச்சேன். கடைசில உன் கலர்காரன் பக்கம் போயிட்டே, இல்ல?"

மீதி ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. டிரம் இல்லை. கேலரிக்குக் கத்த வேறு ஏதாவது வேண்டியிருந்தது. அந்தப் பையனுக்குப் போட்ட சத்தத்தை அப்பாவுக்குப் போட்டார்கள். அவர் வேலை அவர்களைப் பார்த்து நிற்பது. நின்றார். கை தட்டிய அதே முகங்கள், அதே வரிசைகள். நாலாவது வரிசைப் பெரியவர் சத்தம் போடவில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை அப்பா ஒரு முறைதான் சொன்னார், டிவியை அணைத்துவிட்டு.

டிரம்காரரை நிரந்தரமாகத் தடை செய்ய வேண்டுமா என்று விசாரிக்க ஒரு நாள் குறித்தார்கள். கிளப்பின் விதி எளிமையானது. ஒரு ஸ்டூவர்டின் சொல் போதாது, இரண்டு பேர் கேட்டிருக்க வேண்டும். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எவருக்கும் எதுவும் காதில் விழவில்லையாம். ஆனால் அப்பாவுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மாமா நின்றிருந்தார். "நானும் கேட்டேன்" என்று மாமா சொன்னால் போதும். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

நான் லிஃப்ட் பரிசோதகர். கயிறு அறுந்தால் கூண்டு விழாமல் தண்டவாளத்தைக் கவ்வ ஒரு பிடி இருக்கும். எல்லா நாளும் அது சும்மா கிடக்கும். வேண்டிய அன்று கவ்வுமா என்று பார்ப்பது என் வேலை. அப்பா தன் பிடியைச் சோதித்ததே இல்லை. சோதிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. பெண்டாட்டியின் தம்பி.

விசாரணை கேலரிக்குக் கீழே உள்ள ஜன்னலில்லாத அறையில் நடந்தது. கிளப் செயலாளர், ஸ்டூவர்டுகளின் சூப்பர்வைசர், டிரம்காரர், அப்பா, மாமா. கேமராப் படத்தைப் போட்டார்கள். படத்தில் ஒலி கிடையாது. டிரம்காரர் இரண்டு கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்து வைத்திருந்தார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன் சார்" என்றார் டிரம்காரர். "எங்க பையனைக் கூப்பிடக்கூட உரிமை இல்லையா?"

செயலாளர் மாமாவிடம் திரும்பினார். "நீங்க பக்கத்துல இருந்தீங்க. என்ன நடந்துச்சு?"

"நான் அப்ப கிரவுண்டைப் பாத்துத் திரும்பி நின்னேன் சார்."

"ஏன் திரும்பினீங்க?"

"சில நேரம் திரும்புவோம் சார். அத்தானும் திரும்புவாரு. அவரு சொல்லிக்கொடுத்ததுதான்."

சூப்பர்வைசர் அப்பாவைப் பார்த்தார். "அப்படியா? கூட்டத்துக்கு முதுகு காட்டி நிக்கிறது உங்க வழக்கமா?"

அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். "சின்ன விஷயத்துக்கு உண்டு சார்" என்றார்.

"எது சின்னது எது பெருசுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குவீங்களா?"

செயலாளர் மறுபடியும் மாமாவைக் கேட்டார். "திரும்பி நின்னாலும் காது கேக்குமே."

"டிரம் சத்தம் சார். ஒண்ணும் விழல."

படம் இன்னும் திரையில் நின்றிருந்தது. டிரம்காரரின் இரண்டு கைகளும் வாயில். குச்சிகள் இரண்டும் டிரம்மின் மேல் கிடந்தன. அப்போது டிரம் அடிக்க அங்கே யாருக்கும் கை இல்லை. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்தது. ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் பிறகு கேட்டபோது சொன்னார்: "கேட்டா, உன் மாமா பொய் சொல்றான்னு நான் நாலு பேர் முன்னாடி சொன்ன மாதிரி ஆயிடும்மா."

டிரம்காரருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அடுத்த ஆட்டத்தில் அவர் டிரம்மோடு படியிறங்கி வந்தபோது கேலரி எழுந்து நின்று கை தட்டியது. அப்பாவை வண்டிகள் நிறுத்துமிடத்து வாசலுக்கு மாற்றினார்கள். அவருடைய பாதுகாப்புக்காகவாம். அதோடு, கூட்டத்துக்கு முதுகு காட்டியதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறாராம்.

மாமா அந்த வாரமும் எப்போதும் போலச் சாப்பிட வந்தார். அப்பா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா பரிமாறினாள். பாதிச் சாப்பாட்டில் மாமாவே ஆரம்பித்தார்.

"அத்தான், நான் அதே ஏரியாவுல குடியிருக்கேன். டிரம்காரன் வீடு எங்க தெருக்கோடி. பசங்க ஒரே ஸ்கூல்."

"புரியுது மச்சான்."

"நாளைக்கு என் பசங்களை யாராவது..."

"அதான் புரியுதுன்னேனே."

மாமாவின் முகம் இளகியது. சோற்றில் கை வைத்தார். அப்பா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "புரியுதுன்னுதான் சொன்னேன். சரின்னு சொல்லல."

அதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிய கடைசிப் பேச்சு அது.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் அப்பா ஒரு வருடம் நின்றார். அங்கே பார்க்க முகம் கிடையாது. சுவருக்கு அந்தப்பக்கம் கூச்சல் எழும். அது கோலா, தப்பிய கோலா, வேறு ஏதாவதா என்று ஊகிப்பார். வீட்டில் டிவி போடுவது நின்றது. "யாரு ஜெயிச்சா?" என்று அம்மா கேட்டால், "கார் எல்லாம் பத்திரமா வீடு போய்ச் சேந்துச்சு" என்பார்.

ஒரு நாள் மட்டும் கொஞ்சம் உற்சாகமாக வந்தார்.

"இன்னைக்கு அந்தப் பையன் என் வாசல் வழியாப் போனான். கண்ணாடியை இறக்கி வணக்கம் சொன்னான்."

"நீங்க யாருன்னு அவனுக்குத் தெரியுமாப்பா?" என்றேன்.

"எப்படித் தெரியும்? எல்லாருக்கும் சொல்லுவான் போல. நல்லா வளத்திருக்காங்க."

சீசன் முடிந்ததும் அந்தப் பையன் வேறு அணிக்குப் போய்விட்டான்.

அப்பா சலவைக்கூடத்தில், உலர்த்தும் இயந்திரத்தின் கதவைத் திறந்தபடி இறந்தார். பகல் நேரம். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. இதயம் என்றார்கள். ரத்த அழுத்தம், வயது, பரம்பரை என்று காரணம் பல சொன்னார்கள். விசாரணையையும் இதயத்தையும் நான் முடிச்சுப் போடவில்லை. சான்று இல்லாமல் முடிச்சுப் போடுவது என் தொழிலில் தவறு. ஆனால் அந்த ஒரு வருடம் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு நானும் அம்மாவும் சாட்சி. அதற்கு இரண்டு பேர் இருக்கிறோம்.

சாவுக் காரியங்களில் மாமா எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்தார். வண்டி, பூ, வந்தவர்களுக்கு நாற்காலி. அழுதார். அது பொய்யான அழுகை இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரம் மதியம் வந்தார். பின்வாசல் வழியாக, கதவைத் தட்டாமல், சொந்த வீட்டுக்கு வருவது போல. அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். நான் மேசையில் அப்பாவின் ஓய்வூதியத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல சேதி அக்கா" என்றார் மாமா. "கிளப்புல அத்தானுக்கு மரியாதை பண்றாங்க. வர்ற ஆட்டத்துல, தொடங்குறதுக்கு முன்னாடி, எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனம். பெரிய திரையில படம் போடுவாங்க. நல்ல ஃபோட்டோ ஒண்ணு கேட்டாங்க. மஞ்சள் சட்டையில இருந்தா நல்லதாம்."

"யாரு ஏற்பாடு?" என்று கேட்டேன்.

மாமா டீயை ஊதினார். "கேலரிதான் பாப்பா. அவங்களே கேட்டாங்க."

"கேலரின்னா யாரு மாமா?"

"டிரம்காரர்தான். ரொம்ப உடைஞ்சு போயிட்டாருமா. நேத்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாரு. எங்க அண்ணன்னு சொன்னாரு. மௌனம் முடிஞ்சதும் அவரே டிரம் அடிப்பாராம், அத்தானுக்காக. நீங்க ரெண்டு பேரும் வந்து நிக்கணும்னு ஆசைப்படுறாங்க."

அவர்கள் அப்பாவைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. செத்த பிறகு அவர் மறுபடியும் அவர்கள் ஆள். அவர் சொன்னதை இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. படத்துக்கு வாய் கிடையாது.

அம்மா அந்த ஒரு வருடமும் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. புருஷன் பக்கமும் பேசவில்லை, தம்பி பக்கமும் பேசவில்லை. இருவருக்கும் சோறு போட்டாள். இப்போது கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உன்னை ஒண்ணு கேக்கணும்டா. அந்தச் சத்தம் உனக்குக் கேட்டுச்சா இல்லையா?"

"இப்ப எதுக்குக்கா அது?"

"கேட்டுச்சா?"

மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

"கேட்டுச்சுக்கா."

"திரும்பி நின்னியா?"

"இல்ல. அத்தான் சொன்ன மாதிரி கூட்டத்தைப் பாத்துத்தான் நின்னேன்."

"உங்களையும் சேத்துத்தானே மாமா அந்தச் சத்தம்?" என்றேன். "நீங்களும் எங்க கலர்தானே?"

"என்னை யாரும் ஒண்ணும் சொல்லல பாப்பா" என்றார். அதை மாமா ஆறுதலாகச் சொன்னார். எங்களுக்கும் அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார் போல.

அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சரி. இப்ப சொன்னேல்ல, அதை அங்க போய்ச் சொல்லு. செயலாளர்கிட்ட. நான் கேட்டேன், எங்க அத்தான் சொன்னது நிஜம்னு. சொல்லிட்டு வா. ஃபோட்டோ நானே எடுத்துத் தர்றேன். நாங்க வந்து நிக்கிறோம். அவன் டிரம் அடிச்சாலும் கேட்டுக்கிறோம்."

"அக்கா, அவரே போயிட்டாரு. இனிமே சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"எனக்கு ஆகும்."

"என்னைப் படிக்கட்டுக்குப் பொறுப்பாளரா போட்டிருக்காங்கக்கா. இந்த மாசத்துலேர்ந்து." குரல் தணிந்தது. "அத்தான் நின்ன இடந்தான். அவரு பேரைக் காப்பாத்தறேன்னு நெனச்சுக்கோ."

அம்மா அவர் முன்னாலிருந்த டீ கோப்பையை எடுத்தாள். பாதிதான் குடித்திருந்தார். கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் வைத்தாள். தண்ணீரைத் திறக்கவில்லை.

"ஃபோட்டோ இல்லை" என்றாள். "நாங்க வரல."

"அக்கா..."

"இனிமே வர்றதா இருந்தா ஃபோன் பண்ணிட்டு வா."

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. சிரிக்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தாள்களை அடுக்கினேன். அவர் எழுந்து பின்வாசல் பக்கம் நடந்தார். அம்மா அவருக்கு முன்னால் போய் முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள், விருந்தாளியை அனுப்புவது போல. அவர் திரும்பி வந்து அந்த வழியாகப் போனார்.

மௌனம் அனுசரித்தார்கள். கிளப்பிடம் அடையாள அட்டைப் படம் ஒன்று இருந்திருக்கிறது. அதைப் பெரிதாக்கித் திரையில் போட்டார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் போனில் காட்ட வந்தார். அம்மா வேண்டாம் என்றாள்.

மாமா வாரத்துக்கு ஒரு முறை ஃபோன் செய்கிறார். "வரட்டுமாக்கா?" என்கிறார். "இன்னைக்கு வெளில கிளம்பிட்டு இருக்கோம்" என்கிறாள் அம்மா. போனை வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொள்கிறாள். நாங்கள் எங்கும் போவதில்லை.